எடை குறைக்கப் பயிற்சி தொடங்கியதும் உடம்பு மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தை பிறந்ததும் ஒரு கூட்டம், பள்ளிக்கூடம் லீவு விட்டதும் இன்னொரு கூட்டம். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் காலையில் புது முகங்கள் தெரிவது இப்படித்தான். புது ஷூ, கையில் ஸ்மார்ட் வாட்ச், முதல் வாரம் ஓட்டமும் நடையும். மூன்றாவது வாரம் ஆளைக் காணோம். எங்காவது கடைத்தெருவில் பார்த்துக் கேட்டால், "நமக்கு ஒத்துக்கிடல" என்பார்கள்.

ஒத்துக்கொள்ளாதது பெரும்பாலும் பயிற்சி அல்ல. ஒரே திங்கட்கிழமையில் மூன்று விஷயங்களை மாற்றியிருப்பார்கள். ஒரு மணி நேர நடையோ ஜிம்மோ புதிதாக வந்திருக்கும். ராத்திரிச் சாப்பாடு பாதியாகியிருக்கும். நாலரை மணிக்கு அலாரம் அடிக்கும், படுப்பது மட்டும் பழையபடி பதினொன்றரைக்கு. உடம்புக்கு வேலை கூடுகிற அதே வாரத்தில், அந்த வேலையின் தேய்மானத்தைச் சரிசெய்யத் தேவையான சோறும் தூக்கமும் குறைந்துவிடுகின்றன. கீழே வரும் தொந்தரவுகளில் பல இந்த மூன்றும் சேர்ந்து வந்ததன் விளைவுதான்.

விளையாட்டு வீரர்களுக்கு வருகிற 'ஓவர் டிரெய்னிங்' வேறு கதை. மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் கடுமையாக உழைத்து, தேறி வரவும் மாதக்கணக்கில் ஆகிற நிலை அது. புதிதாகத் தொடங்கியவர் அந்த எல்லைக்குப் போவது அபூர்வம். ஒன்றிரண்டு வாரம் குறைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும்.

உங்கள் தொந்தரவு எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

இவை வந்தால் யோசிக்காமல் நிறுத்துங்கள்

நடக்கும்போது நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, அளவுக்கு மீறிய மூச்சிரைப்பு, சில்லென்ற வியர்வை, கண் இருட்டி விழுவது. "வாய்வாத்தான் இருக்கும்" என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டு இன்னொரு சுற்று போகிறவர்கள் நம்மூரில் உண்டு. போகக் கூடாது. உட்கார வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். சுகர் உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சிரைப்பும் வியர்வையுமாக மட்டும்கூட மாரடைப்பு வரலாம் என்பதை வீட்டில் உள்ளவர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கடும் பயிற்சிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிறுநீர் கறுத்து, கடுங்காப்பி நிறத்தில் போனால் அதுவும் அவசரம். அளவுக்கு மீறி உழைத்த தசை உடைந்து, அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. கூடவே தசை வீங்கி, தொட முடியாத வலியும், கையையோ காலையோ தூக்க முடியாத பலவீனமும் இருக்கலாம். ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே நூற்றுக்கணக்கில் ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போட்டவர்களுக்கு, அதுவும் புழுக்கமான அறையில் தண்ணீர் குடிக்காமல் போட்டவர்களுக்கு, இது வருவதுண்டு. இளநீர் குடித்துப் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

மூன்றாவது, வெயிலில் பயிற்சி செய்தவர் பேச்சுக் குழறி, இடம் பொருள் தெரியாமல் நடந்துகொள்வது. உடம்பு நெருப்பாகக் கொதிக்கும். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மறுநாள் படி இறங்க முடியவில்லை

டவுனில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கல்லாவை விட்டு எழும்போது மேசையை ஊன்றித்தான் எழுந்தார்.

"தம்பி, முந்தாநாள் ஜிம்முல நூறு தடவ உக்காந்து எந்திரிக்கச் சொன்னான். இன்னைக்குக் கடைப் படியில எறங்க முடியல. விடாமச் செஞ்சா சரியாயிரும்லா?"

"இன்னைக்கு அது வேண்டாம் அண்ணாச்சி. மெதுவா ஒரு கால் மணி நேரம் நடங்க, போதும். சனிக்கிழம வரைக்கும் பொறுங்க."

இந்த வலி பழகாத வேலை செய்த தசையில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. 12 முதல் 24 மணி நேரத்தில் ஆரம்பித்து, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் போய்விடும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வருகிறது என்று பல ஜிம்களில் இன்னும் சொல்கிறார்கள். அந்த அமிலம் பயிற்சி முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ரத்தத்தை விட்டுப் போய்விடும். மறுநாள் வலிக்கு அதன் மேல் பழி போட வேண்டியதில்லை.

தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும் வேலைதான் இந்த வலியை அதிகம் கொண்டுவரும். திருக்குறுங்குடியில் மலைநம்பி கோயிலுக்கு நடந்து போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறும்போது மூச்சு வாங்கியிருக்கும், ஆனால் மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார வைப்பது இறங்கிய வழிதான்.

சாதாரண வலிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு தொடையும், அல்லது இரண்டு கெண்டைக்காலும், ஏறத்தாழ ஒரே மாதிரி வலிக்கும். அழுத்தினால் சதை முழுக்க நோகும், மூட்டில் வலி இருக்காது. எழுந்து பத்து நிமிடம் நடமாடினால் கொஞ்சம் இளகும். இப்படி இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வெந்நீர்க் குளியல் சுகமாக இருக்கும். எண்ணெய் தேய்த்து இதமாகப் பிடித்துவிடலாம், முரட்டுத்தனமாக மிதிக்கச் சொல்ல வேண்டாம். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுபடி ஜிம்முக்குப் போவதுதான் மோசமான பழக்கம். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கெடுதல், வெறும் வயிற்றில் போட்டால் இரைப்பைக்கும் கெடுதல்.

வலி அடங்கியபின் அதே பயிற்சியைப் பாதி அளவில் செய்யுங்கள். ஒருமுறை பழகிய தசை அடுத்த முறை அதே வேலைக்கு இவ்வளவு நோகாது. முதல் நாளே பத்துப் பத்தாக இரண்டு தடவை, அதுவும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதாகச் செய்திருந்தால் அண்ணாச்சிக்கு மேசை தேவைப்பட்டிருக்காது. "வலிச்சாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்று சொல்லும் டிரெய்னரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

ஒரே இடத்தில் சுருக்கென்று குத்துகிறது

இது தசைக் களைப்பு இல்லை. எலும்பு, மூட்டு, சவ்வு இவற்றில் ஒன்று "எனக்கு இன்னும் பழகவில்லை" என்று சொல்வது. நெஞ்சும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்விளிம்பு நெடுக ஒரு சாண் நீளத்துக்கு நோகிறது என்றால், ஓட்டத்தை நிறுத்தி ஒன்றிரண்டு வாரம் சமதரையில் நடை மட்டும். ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் உயிர் போகிற வலி, ராத்திரி படுத்தாலும் வலி என்றால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். நடையையும் நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகக்கூடும், வலி தொடர்ந்தால் திரும்பவும் போக வேண்டும்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்துகிறதா? பாதத்தின் அடிச்சவ்வில் பிரச்சினை. ரப்பர் செருப்போடு ரதவீதியைச் சுற்றுகிறவர்களிடம் இது சகஜம். குதிகால் தடித்த ஷூவுக்கு மாறுங்கள், படுக்கையை விட்டு இறங்கும் முன்பே கெண்டைக்காலையும் பாதத்தையும் நீட்டி இழுத்துவிடுங்கள். படி ஏறி இறங்கும்போது முழங்கால் முன்பக்கம் நோவது வேறு வகை. ஆழமான ஸ்குவாட்டையும் மேம்பாலத்தில் ஏறி இறங்குவதையும் நிறுத்திவைத்து, தொடைத் தசையை வலுவாக்கும் எளிய பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூட்டு வீங்கியிருந்தால் கட்டாயம் காட்டியாக வேண்டும்.

இவ்வளவு செய்தும் எடை குறையவில்லை, ஒரு கிலோ கூடியிருக்கிறது

ஆட்கள் அதிகமாகப் பயிற்சி செய்யத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

பழகாத தசை தன் சேதத்தைச் சரிசெய்யும்போது அங்கே நீர் கோத்துக்கொள்ளும். அதோடு, பயிற்சிக்குப் பழகும் தசை கிளைகோஜன் என்ற மாவுச்சத்தைக் கூடுதலாகச் சேமிக்கும். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும். முதல் இரண்டு மூன்று வாரம் தராசில் முள் ஏறுவது இதனால்தான், கொழுப்பு கூடியதால் அல்ல. பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் சேரும் நீர் தனி.

இது தெரியாதவர் என்ன செய்கிறார்? காலை நடையோடு சாயங்காலமும் ஒரு மணி நேரம் சேர்க்கிறார். ராத்திரி இரண்டு இட்லியை ஒன்றாக்குகிறார். உடம்பு இன்னும் களைத்து, இன்னும் நீர் கோத்து, தராசு அசையவே அசையாது. பகல் முழுக்கச் சோர்ந்து நாற்காலியிலேயே கிடப்பதால் மற்ற நேரத்து நடமாட்டமும் குறைந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் சற்று வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 250 கலோரி. சாயங்காலம் இரண்டு வடையும் சர்க்கரை போட்ட டீயும் அதைச் சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடும். எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு தட்டில்தான். பயிற்சி, குறைந்த எடை மறுபடி ஏறாமல் பார்த்துக்கொள்ளவும், எடையோடு தசையும் கரைந்துபோகாமல் காக்கவும். நடையை இரட்டிப்பாக்குவதை விடத் தட்டை மாற்றுவது லாபம்.

தட்டை மாற்றுவது என்றால் பட்டினி இல்லை. சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் பயறோ கூட்டோ வைப்பது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். தூத்துக்குடிப் பக்கமிருந்து வரும் சாளை மீனில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம், விலையும் சல்லிசு. சைவக்காரர்கள் முளைகட்டிய பாசிப்பயறு, கொண்டைக்கடலை, தயிர் என்று பிரித்துக்கொள்ளலாம். தேங்காய்ப்பால் விட்ட சொதியைத் தினமும் சாப்பிட முடியாது, உண்மைதான். ஆனால் மறுவீட்டு விருந்தில் சொதி பரிமாறுகிற அன்று கணக்குப் பார்க்காமல் சாப்பிடுங்கள். தப்பு சொதியில் இல்லை. அதற்குத் தண்டனையாக மறுநாள் இரண்டு மணி நேரம் ஓடுகிறீர்களே, அதில்தான்.

எடையைத் தினமும் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலைக்கடன் முடித்து, சாப்பிடும் முன். தொப்புளுக்கு நேரே டேப் வைத்து இடுப்பளவும் எழுதுங்கள். நான்கு வாரம் கழித்துப் பார்க்கும்போது வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் குறைந்திருந்தால் நன்றாகவே போகிறது என்று அர்த்தம். வாரம் ஒரு கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், கூடவே தசையும் போகிறது.

தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது

எப்போது வருகிறது என்று பாருங்கள், காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

வெறும் வயிற்றில் நடக்கும்போது நடுக்கமும் வியர்வையும் கடும்பசியும் வந்தால், சுகர் மாத்திரை போடுகிறவர்கள் உடனே நடையை நிறுத்த வேண்டும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையும் இன்சுலினும் எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தடாலென்று இறங்கும். மெட்பார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அபூர்வம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நடக்கத் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவைச் சரிபார்த்துக்கொள்வது முறை. சட்டைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று இருக்கட்டும்.

நடந்து முடித்துச் சட்டென்று நின்றதும் சுற்றினால், காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே வர நேரமாகிறது. கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்து நடந்து முடியுங்கள். பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது கூடுதலாக இருக்கும்.

மூன்றாவது நம்ம ஊர் வெயில். சித்திரை, வைகாசியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியிலும் பாளையங்கோட்டையில் வெயில் அடங்காது, காற்று மட்டும் வீசும். அந்தக் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், எவ்வளவு தண்ணீர் போனது என்றே தெரியாது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் பாருங்கள். முதுகில் வெள்ளைக் கோடு படிந்திருந்தால் உப்பும் போயிருக்கிறது. நீராகாரமோ உப்புப் போட்ட நீர்மோரோ நல்லது. பிரஷர் உள்ளவர்கள் உப்பைப் பார்த்துப் போட வேண்டும். பதநீர் இனிப்பு, எடை குறைக்க வந்தவருக்குத் தண்ணீருக்குப் பதிலாகாது. பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்து அதே வேகத்தில் இங்கே ஓடக் கூடாது. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரமாவது வேண்டும்.

தூக்கம் வரவில்லை, காலையில் நாடி வேகமாக இருக்கிறது

உடம்பு அலுத்துப் படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை, இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது என்றால் சுமை அதிகமாகியிருக்கலாம். இதை நாடியில் பார்க்கலாம். காலையில் கண் விழித்ததும், காப்பிக்கு முன், படுத்தபடியே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஒரு வாரம் எழுதினால் உங்கள் வழக்கமான எண் தெரிந்துவிடும். அதைவிட 5 முதல் 10 வரை கூடுதலாக இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இருந்தால், அந்த நாட்களில் லேசான நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காய்ச்சல் வரப்போவதாலும், முந்தின நாள் தண்ணீர் போதாததாலும்கூட இது கூடும். மெட்டோப்ரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி அடங்கியே இருக்கும், இந்தக் கணக்கு பலிக்காது.

இன்னொன்று: நாலரைக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதரைக்குப் படுங்கள். டிவி சீரியல் முடியட்டும் என்றால் நடையைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். அதிகாலையில் நடந்தால்தான் எடை குறையும் என்று ஒன்றுமில்லை.

எரிச்சல், வெறுப்பு, மாதவிடாய் தள்ளிப்போவது

ஷூவைப் பார்த்தாலே எரிச்சல், வீட்டில் எல்லோர் மேலும் சிடுசிடுப்பு. சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொள்ள வேண்டாம், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று பாருங்கள். வேலைக்கேற்ற சாப்பாடு இல்லாதபோது உடம்பு சிக்கனத்துக்குப் போகும், பெண்களுக்கு அதன் முதல் அடையாளம் மாதவிடாயில் தெரியும். கர்ப்பம் இல்லை என்று உறுதியான பின்னும் மூன்று மாதம் வரவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எலும்பின் வலுவும் அதோடு சேர்ந்து போகும். "எடை குறையுது, அதான் அக்கா" என்று பெண்கள் தங்களுக்குள்ளேயே சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது.

சளி, காய்ச்சல்

மூக்கு ஒழுகல் மட்டும் என்றால் மெதுவாக நடக்கலாம். காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச்சளி இருந்தால் முழு ஓய்வு. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வரும் காலத்தில் இதில் வீரம் காட்ட வேண்டாம்.

குறைத்து, மறுபடி தொடங்குவது

ஒரு வாரத்துக்கு எல்லாவற்றையும் பாதியாக்குங்கள், முழுசாக நிறுத்த வேண்டியதில்லை. அப்புறம் வாரம் நான்கு நாள், 20 நிமிட நடை. பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாத வேகம். ஒவ்வொரு நாள் நடையிலும் வாரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கூட்டாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்றவை வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விட்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி. அந்த 150-ஐத் தொட இரண்டு மாதம் எடுத்துக்கொண்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. வாட்ச் கேட்கும் 10,000 ஸ்டெப்பும் அப்படித்தான். 1965இல் ஜப்பானில் ஒரு காலடி எண்ணும் கருவியை விற்கப் பிடித்த எண் அது, டாக்டர் எழுதிய அளவு இல்லை.

முக்கியமாக, முதல் இரண்டு வாரம் நடையும் தூக்கமும் மட்டும். சாப்பாட்டில் கை வைப்பது மூன்றாவது வாரத்திலிருந்து.

குறைத்தும் களைப்பு போகவில்லை

இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, பயிற்சியைப் பாதியாக்கியும் மாடிப்படி ஏறவே முடியவில்லை என்றால் காரணம் பயிற்சியில் இருக்காது. ரத்தசோகை, தைராய்டு, கட்டுப்பாட்டில் இல்லாத சுகர், இவற்றைப் பார்க்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்து இல்லாத உடம்பை ஓடச் சொன்னால் மூச்சுத்தான் வாங்கும். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. ஆகிய மூன்றும் சாதாரண ரத்தப் பரிசோதனைகள்தான். போகும்போது நாடியும் எடையும் குறித்த நோட்டையும், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். ஜிம்மில் வாங்கிய பவுடர் டப்பா இருந்தால் அதையும்.